முதல் தனிப்பறப்பும் முன்னேற்பாடும்

நுழையும்முன்

செயலைத் தொடங்கும் துணிவு ஒருவகை அறிவு. அச்செயலில் எவையெவை பிழைக்கக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி, ஒவ்வொன்றுக்கும் விடை வகுத்துக்கொள்வது அதனினும் முதிர்ந்த அறிவு. வருமுன் காத்தல் என்று தமிழர் போற்றிய இப்பண்பு, வானில் உயிர்காக்கும் ஒழுங்காகவே அமைந்துவிட்டது. பயிற்சி மாணவர் ஒருவர் முதன்முறையாகத் தனித்து விமானம் ஓட்டும் சில நிமிடங்களுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய முன்னேற்பாடு இருக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வெறுமையான இருக்கை

சிறிய பயிற்சி விமானத்தில் முன்வரிசையில் இரண்டு இருக்கைகள் உண்டு. இடப்பக்க இருக்கையில் மாணவர் அமர்வார். வலப்பக்க இருக்கையில் பயிற்றுநர் அமர்வார். இருவர் முன்னும் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. மாணவரின் கை தவறினால் பயிற்றுநரின் கை அதைத் திருத்தும். பல வாரங்கள் இவ்வாறு நடைபெறும் பயிற்சியில், ஒருநாள் பயிற்றுநர் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். “இனி நீங்களே ஒரு சுற்று ஓட்டி வாருங்கள்” என்பதே அன்றைய பாடம். இதுவே முதல் தனிப்பறப்பு.

பறக்கும் தொலைவு மிகச் சிறிது. ஓடுபாதையிலிருந்து எழும்பி, தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தை அடைந்து, செவ்வக வடிவிலான சுற்றுப்பாதையில் வலம்வந்து, புறப்பட்ட ஓடுபாதையிலேயே மீண்டும் இறங்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எனினும் அந்தச் சில நிமிடங்களில் விமானத்தின் முழுப்பொறுப்பும் மாணவர் ஒருவரையே சாரும். கீழிருந்து எவரும் கைநீட்டி விமானத்தைத் திருத்த இயலாது.

பயிற்றுநர் இறங்கியதும் விமானத்தின் இயல்பே மாறிவிடுகிறது. பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 152 வகை விமானம், தன் எடையும் சேர்த்து ஏறத்தாழ 750 கிலோ எடையுடன் பறக்கவல்லது. அதிலிருந்து 75 கிலோ எடையுள்ள ஒருவர் இறங்கினால் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. விமானம் முன்னிலும் விரைவாக மேலெழும்பும். வழக்கமான இடத்துக்கு வருமுன்பே 1,000 அடி உயரத்தை எட்டிவிடும். இறங்கும்போது ஓடுபாதையைத் தொடாமல் அதன்மேல் சற்று நேரம் மிதக்கும். முன்னறிவிப்பு இல்லாவிட்டால் இம்மாற்றம் ஒன்றே மாணவரைத் திகைக்க வைக்கப் போதுமானது. ஆகவே நல்ல பயிற்றுநர் இறங்குவதற்குமுன் இதனை எடுத்துரைப்பார். வெறுமையான இருக்கையின் பட்டையையும் இறுகப் பூட்டிவிட்டே செல்வார். தளர்ந்து கிடக்கும் பட்டை கட்டுப்பாட்டுக் கருவியில் சிக்கிக்கொள்ளக்கூடும் அல்லவா? முன்னேற்பாடு இத்தகைய சிறு செயல்களிலிருந்தே தொடங்குகிறது.

பட்டியல் பிறந்த வரலாறு

விமானிகள் நினைவாற்றலை மட்டும் நம்புவதில்லை. இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு துயர நிகழ்வு உள்ளது. 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ரைட் விமானத்தளத்தில், போயிங் நிறுவனத்தின் ‘மாடல் 299’ என்னும் நான்கு இயந்திர விமானம் சோதனைப் பறப்புக்குப் புறப்பட்டது. மேஜர் பிளாயர் ஹில் என்னும் தேர்ந்த இராணுவ விமானி அதனைச் செலுத்தினார். விமானம் எழும்பியதும் செங்குத்தாக மேலேறி, ஏற்றுவிசையை இழந்து, தரையில் வீழ்ந்து தீப்பற்றியது. ஹில்லும் போயிங் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானியும் உயிரிழந்தனர்.

இயந்திரத்தில் பழுதேதும் இல்லை என்பது ஆய்வில் தெரிந்தது. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதிருக்கும்படி அதன் கட்டுப்பாட்டுப் பரப்புகளைப் பூட்டி வைப்பது வழக்கம். புறப்படுமுன் அந்தப் பூட்டை விடுவிக்க மறந்ததே விபத்துக்குக் காரணம். திறமைக் குறைவால் நேர்ந்த பிழையன்று அது, மறதியால் நேர்ந்தது. எனவே புறப்படுமுன்னும் பறக்கும்போதும் இறங்குமுன்னும் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் முறை வகுக்கப்பட்டது. அவ்விமான வகை பின்னர் ‘பி-17’ என்னும் பெயரில் 12,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. சரிபார்ப்புப் பட்டியலோ உலகெங்கும் உள்ள விமானிகளின் நீங்காத் துணையாயிற்று.

இன்று முதல் தனிப்பறப்புக்கு ஆயத்தமாகும் மாணவரின் மடியிலும் அத்தகைய பட்டியல் ஒன்று இருக்கிறது. தேர்ந்தவரும் மறப்பர் என்னும் உண்மையை ஒப்புக்கொள்வதே பாதுகாப்பின் முதற்படி என்பதை அது நினைவூட்டுகிறது.

தரையிலேயே தொடங்கும் காப்பு

வானில் நேரக்கூடிய இடர்களுள் பலவற்றைத் தரையிலேயே தடுத்துவிட முடியும். மாணவர் விமானத்தைச் சுற்றிவந்து இறக்கை, சக்கரம், கட்டுப்பாட்டுப் பரப்பு ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் ஆராய்கிறார். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவு எரிபொருளைத் தெளிவான குவளையில் பிடித்துப் பார்க்கிறார். நீர் கலந்திருந்தால் அது எரிபொருளைவிடக் கனமானதாகையால் அடியில் தங்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தொட்டியில் எவ்வளவு எரிபொருள் உள்ளது என்பதையும் அளவுமானியை மட்டும் நம்பாமல், மூடியைத் திறந்து நேரில் பார்க்கிறார்.

விமான இயந்திரத்தின் அமைப்பிலேயே முன்னேற்பாடு பொதிந்திருக்கிறது. ஒவ்வோர் உருளையிலும் இரண்டு தீப்பொறிச் செருகிகள் உள்ளன. அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு தனித்தனி மேக்னெட்டோக்கள் உள்ளன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயந்திரத்தை நிற்கவிடாது. புறப்படுமுன் மாணவர் ஒன்றை நிறுத்தி மற்றொன்றையும், அதனை நிறுத்தி முதலாவதையும் சோதிக்கிறார். மாற்று ஒன்று இருப்பது மட்டும் போதாது. அது வேலை செய்கிறதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இச்சோதனையின் பொருள்.

வானிலையும் ஆராயப்படுகிறது. ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்று மாணவரின் திறனுக்கு உட்பட்டதா? முகில் எவ்வளவு உயரத்தில் உள்ளது? மழை நெருங்குகிறதா? இவற்றோடு மாணவர் தம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டும். உறக்கம் போதுமா, உடல்நலம் சீராக உள்ளதா, மனத்தில் வேறு கவலை அழுத்துகிறதா என்னும் வினாக்களும் சரிபார்ப்பின் பகுதிகளே. விடை நிறைவளிக்காவிட்டால் “இன்று வேண்டாம்” என்று சொல்லும் உரிமை மாணவருக்கும் உண்டு. ஒத்திவைப்பதும் ஒரு திட்டமே. வானம் நாளையும் இருக்கும்.

பயிற்றுநருக்கும் தனியே ஒரு திட்டம் உண்டு. காற்று அமைதியாகவும் வான்வழி நெரிசலின்றியும் உள்ள நேரத்தை அவர் தேர்ந்தெடுப்பார். முதல் தனிப்பறப்பு என்பதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தெரிவிப்பார். கையடக்க வானொலியுடன் ஓடுபாதையைப் பார்த்தபடி நிற்பார். அமெரிக்காவில் மாணவர் விதிமுறைகளையும் தம் விமானத்தின் இயல்புகளையும் அறிந்திருக்கிறாரா என்பதை எழுத்துத் தேர்வின் வழியாக உறுதிசெய்த பிறகே தனிப்பறப்புக்கு ஒப்பம் அளிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் 16 வயது நிறைந்தவரே மாணவ விமானி உரிமம் பெற இயலும்.

“நேர்ந்தால்?” என்னும் வினா

ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்கும் மாணவர், புறப்படுவதற்கு முன் தம் திட்டத்தை வாய்விட்டுச் சொல்கிறார். கேட்பதற்கு அருகில் எவரும் இல்லாவிட்டாலும் சொல்கிறார். அத்திட்டம் மூன்று நிலைகளைக் கொண்டது.

முதலாவது, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோளாறு தெரிந்தால் என்ன செய்வது என்பது. விசையை முற்றிலும் குறைத்து, நேர்கோட்டில் நின்று, தடையை அழுத்தி நிறுத்த வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதற்கும் அளவுகோல் உண்டு. ஓடுபாதையில் பாதி கடந்த பின்னும், எழும்பத் தேவையான வேகத்தில் 70 விழுக்காட்டை எட்டவில்லை என்றால் புறப்பாட்டைக் கைவிட வேண்டும் என்பது பரவலாகக் கற்பிக்கப்படும் விதி.

இரண்டாவது, எழும்பிய உடனே இயந்திரம் நின்றுவிட்டால், முன்னே இன்னும் ஓடுபாதை எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதிலேயே இறங்கிவிட வேண்டும்.

மூன்றாவது, ஓடுபாதை முடிந்த பின்னர் குறைந்த உயரத்தில் இயந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது. உடனடியாக விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, மிதந்து இறங்குவதற்குரிய வேகத்தைக் காக்க வேண்டும். செஸ்னா 152 வகைக்கு அது மணிக்கு ஏறத்தாழ 60 கடல்மைல். பின்னர் முன்புறத்திலோ இடவலமாகச் சிறிது விலகியோ இருக்கும் வயல், வெற்றிடம் போன்றவற்றுள் தக்கதைத் தேர்ந்து இறங்க வேண்டும். அந்த வெற்றிடம் எது என்பதை மாணவர் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

இவ்வாறு முன்னரே சொல்லி வைப்பதன் பயன் என்ன? இயந்திரம் திடீரென ஓய்ந்தால் எவரும் ஓரிரு நொடிகள் திகைத்துப்போவர். ‘இது உண்மையா?’ என்று மனம் நம்ப மறுக்கும். முடிவெடுக்கும் வேலையை அந்த நொடிக்கு விட்டுவைத்தால், காலம் மிகக் குறைவாகவும் கலக்கம் மிக அதிகமாகவும் உள்ள நேரத்தில் முடிவெடுக்க நேரும். திட்டத்தை முன்பே வகுத்தவருக்கோ முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அதைச் செயற்படுத்துவது மட்டுமே எஞ்சியிருக்கும். அமைதியான மனம் தரையில் எடுத்த முடிவைக் கலங்கிய மனம் வானில் நிறைவேற்றுகிறது.

திரும்பும் ஆசை

இயந்திரம் நின்றதும் எவருக்கும் முதலில் தோன்றுவது, புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்னும் எண்ணம். பாதுகாப்பான இடம் அதுவே எனத் தோன்றும். ஆனால் குறைந்த உயரத்தில் இந்த ஆசை பல உயிர்களைப் பறித்திருக்கிறது. ஆகவே இதனை ‘இயலாத் திருப்பம்’ என்றே விமானிகள் குறிப்பிடுவர்.

காரணம் அறிவியல் சார்ந்தது. எதிர்த்திசைக்குத் திரும்ப 180 பாகை போதும் என்று தோன்றினாலும், அவ்வாறு திரும்பிய விமானம் ஓடுபாதைக்கு இணையாக, ஆனால் விலகியே பறக்கும். ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு வர மேலும் திரும்ப வேண்டும். பிறகு மறுபுறம் திரும்பிச் சரிசெய்யவும் வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் உயரத்தைக் குறைக்கும். விரைந்து திரும்ப விமானத்தை மிகுதியாகச் சாய்த்தால், ஏற்றுவிசை இழக்கும் வேகம் உயர்ந்துவிடும். உயரத்தை இழக்காமல் 45 பாகை சாய்ந்து திரும்பும்போது அது ஏறத்தாழ 19 விழுக்காடும், 60 பாகை சாய்ந்து திரும்பும்போது ஏறத்தாழ 41 விழுக்காடும் கூடும். சமநிலையில் பாதுகாப்பாக இருந்த வேகமே, சாய்ந்த நிலையில் விமானத்தை வீழ்த்தப் போதுமானதாகிவிடும்.

எனவே “குறிப்பிட்ட உயரத்தை எட்டும்வரை திரும்புவதில்லை” என்னும் உறுதியை மாணவர் தரையிலேயே மேற்கொள்கிறார். அந்த உயரம் எவ்வளவு என்பதை விமானத்தின் வகையையும் தளத்தின் சூழலையும் கருதிப் பயிற்றுநர் வகுத்துத் தருவார். வயலில் இறங்கும் விமானம் சேதமடையலாம். ஆனால் மெதுவான வேகத்தில், கட்டுப்பாட்டுடன் தரையைத் தொடும் விமானத்தில் இருப்பவர் பெரும்பாலும் உயிர் பிழைப்பார். உலோகத்தைக் காக்கும் எண்ணத்தை விட்டு உயிரைக் காக்கும் எண்ணத்தை முன்பே தேர்வதுதான் இத்திட்டத்தின் உட்பொருள்.

சுற்றுப்பாதையில்

1,000 அடி உயரத்தில் நிலைமை சற்று ஆறுதலானது. சிறிய பயிற்சி விமானம் இயந்திரம் இல்லாமலேயே, இழக்கும் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு தொலைவு மிதந்து செல்லும். காற்றற்ற நிலையில் 1,000 அடி உயரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் வரை செல்லலாம். எனவே சுற்றுப்பாதையை ஓடுபாதைக்கு அருகிலேயே அமைத்துக்கொண்டால், இயந்திரம் நின்றாலும் ஓடுபாதையை அடையலாம். பயிற்றுநர்கள் “ஓடுபாதையை விட்டு விலகாதீர்” என்று மீண்டும் மீண்டும் சொல்வதன் காரணம் இதுவே.

இயந்திரம் ஓய்வதற்கு எதிர்பாராத காரணங்களும் உண்டு. பழைய வகைப் பயிற்சி விமானங்களில் உள்ள கார்புரேட்டரில் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பநிலை பெரிதும் தாழும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால், வெளியே இதமான வெப்பம் நிலவும் நாளிலும் அங்கே பனிக்கட்டி உருவாகிக் காற்றுவழியை அடைக்கும். ஆதலால் இறங்குவதற்காக விசையைக் குறைக்குமுன், கார்புரேட்டருக்கு வெப்பக்காற்றைச் செலுத்தும் நெம்புகோலை இழுப்பது பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

வானொலி பழுதானால்? அதற்கும் விடை உண்டு. விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 என்னும் எண்ணை இட்டால், வானொலித் தொடர்பு அறுந்துவிட்டது என்பது தரையிலுள்ள ரேடார் திரையில் தெரியும். பிற அவசரநிலைகளுக்கு உரிய எண் 7700. கோபுரத்தில் இருப்போர் ஒளிக்கற்றையால் விடை சொல்வர். நிலையான பச்சை ஒளி இறங்கலாம் என்பதையும், நிலையான சிவப்பு ஒளி பிற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு என்பதையும், விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு தளம் பாதுகாப்பற்றது, இறங்காதே என்பதையும் குறிக்கும். புரிந்துகொண்டதற்கு அடையாளமாகப் பகலில் விமானி இறக்கைகளை இருபுறமும் அசைப்பார்.

கதவு சரியாக மூடப்படாமல் வானில் திறந்துகொள்வதும் உண்டு. பேரிரைச்சல் எழும், காற்று உள்ளே சீறும். எனினும் பெரும்பாலான சிறிய விமானங்களில் காற்றின் அழுத்தமே கதவை ஓரளவு மூடி வைத்திருக்கும். விமானம் தொடர்ந்து பறக்கும். கதவை மூட முயன்று விமானத்தைக் கவனிக்க மறந்த நிலையே விபத்துக்கு இட்டுச்செல்கிறது. எல்லா ஓசையும் ஆபத்தன்று என்று முன்பே அறிந்திருப்பவர், கதவைப் பொருட்படுத்தாமல் சுற்றை முடித்து இறங்குவார்.

ஓடுபாதையில் வேறொரு விமானம் பழுதாகி நின்றுவிட்டால், எரிபொருளே காலத்தைத் தரும். ஒரு சுற்றுக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு எரிபொருளுடன் மாணவர் புறப்படுகிறார். வானில் காத்திருக்கவும், தேவையானால் அருகிலுள்ள வேறு தளத்துக்குச் செல்லவும் அது உதவும். அத்தளம் எது, எத்திசையில் உள்ளது, அதன் வானொலி அலைவரிசை என்ன என்பவற்றைப் புறப்படுமுன்பே தாளில் குறித்து வைத்திருப்பார். தலைக்கு மேலுள்ள உயரமும், பின்னே விட்டுவந்த ஓடுபாதையும், தரையில் விட்டுவந்த எரிபொருளும் விமானிக்குப் பயன்படா என்பது வானூர்தித் துறையில் வழங்கும் முதுமொழி.

இறங்காமையும் திறமையே

முதல் தனிப்பறப்பில் மாணவர் பெரிதும் எதிர்கொள்ள வாய்ப்புள்ள இடர், இயந்திரக் கோளாறு அன்று, சீரற்ற இறக்கமே. எடை குறைந்த விமானம் எதிர்பார்த்ததைவிட உயரத்தில் வரலாம். ஓடுபாதையின்மேல் நெடுந்தொலைவு மிதக்கலாம். தரையில் மோதித் துள்ளி எழலாம். எப்படியேனும் இறங்கிவிட வேண்டும் என்று விமானத்தைத் தரையில் அழுத்த முயல்வது பேரிடரில் முடியும்.

இதற்கான திட்டம் எளியது. விசையை முழுமையாகக் கூட்டி, மூக்கைச் சீராக உயர்த்தி, இறக்கை மடல்களைப் படிப்படியாக உள்ளிழுத்து, மீண்டும் மேலேறி இன்னொரு சுற்று வருவது. ‘மறுசுற்று’ எனப்படும் இம்முறையை மாணவர் பலமுறை பயின்ற பிறகே தனியே அனுப்பப்படுகிறார். ஓடுபாதையின் முதல் மூன்றிலொரு பகுதிக்குள் சக்கரம் தரையைத் தொடாவிட்டால் மறுசுற்று என்பது பல பயிற்சித் தளங்களில் பின்பற்றப்படும் வரையறை. மறுசுற்றுச் செல்வதைத் தோல்வியாக எந்தப் பயிற்றுநரும் கருதுவதில்லை. தரையில் நிற்கும் பயிற்றுநருக்கு, மாணவர் தாமே முடிவெடுத்து மீண்டும் மேலெழும் காட்சி, அவர் தனிப்பறப்புக்குத் தகுதி பெற்றுவிட்டார் என்பதன் சான்று.

செயல்களின் வரிசை

எந்த அவசரநிலையிலும் விமானி பின்பற்ற வேண்டிய வரிசை ஒன்று உண்டு. முதலில் விமானத்தைப் பறக்கவைத்தல். அடுத்து எங்குச் செல்வது எனத் தீர்மானித்தல். அதன் பின்னரே பிறரோடு பேசுதல். துன்பம் நேர்ந்தால் உடனே எவரையாவது அழைத்து உதவி கேட்பது மனித இயல்பு. ஆனால் வானொலியில் பேசும் நொடிகளில் வேகம் குறைந்துவிட்டால், உதவிக்கு வருவோர் செய்வதற்கு ஏதும் இராது. விமானத்தைத் தாங்குவது காற்றே. காற்றோடு உள்ள தொடர்பை முதலில் காத்தல் வேண்டும்.

தெரியுமா?

பேரிடரில் உள்ள விமானி வானொலியில் ‘மேடே’ என்னும் சொல்லை மும்முறை உச்சரிப்பார். ‘எனக்கு உதவுங்கள்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலிப்பிலிருந்து இது பிறந்தது. இலண்டன் குராய்டன் விமான நிலையத்தில் வானொலி அலுவலராக இருந்த பிரெடெரிக் மாக்ஃபோர்டு 1920களில் இதனை உருவாக்கினார். அந்நாளில் குராய்டனுக்கும் பாரிசுக்கும் இடையே விமானப் போக்குவரத்து மிகுந்திருந்ததால், இருமொழியினர்க்கும் விளங்கும் சொல் தேவைப்பட்டது.

பட்டியலில் இல்லாத நிகழ்வு

எவ்வளவு எண்ணிப் பார்த்தாலும் எண்ணத்துக்கு எட்டாத ஒன்று நேரக்கூடும். அப்போது முன்னேற்பாட்டால் பயன் உண்டா? 2018 செப்டம்பரில் நடந்த ஒரு நிகழ்வு இவ்வினாவுக்கு விடை தருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பெவர்லி விமான நிலையத்திலிருந்து, 17 வயது மாணவி ஒருவர் பைப்பர் வாரியர் வகை விமானத்தில் தம் முதல் தனிப்பறப்பைத் தொடங்கினார். விமானம் எழும்பியபோது அதன் முதன்மைச் சக்கரங்களுள் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரம் அவருக்குச் செய்தியைத் தெரிவித்தது.

சக்கரம் கழன்று விழுவது முதல் தனிப்பறப்புக்கான திட்டங்களில் வழக்கமாக இடம்பெறும் ஒன்றன்று. எனினும் அந்த மாணவி வெறுங்கையுடன் வானில் இல்லை. விமானத்தைச் சீராகப் பறக்கவைப்பதே முதற்கடமை என்பது அவருக்குப் பயிற்றப்பட்டிருந்தது. இயந்திரம் நன்றாக இயங்கியது, எரிபொருள் இருந்தது, எனவே காலமும் இருந்தது. அவர் சுற்றுப்பாதையிலேயே வலம்வந்துகொண்டிருக்க, தரையில் மீட்பு ஊர்திகள் அணியமாயின. பயிற்றுநர் ஒருவர் வானொலி வழியே அமைதியான குரலில் படிப்படியாக வழிகாட்டினார். மாணவியின் குரலில் அச்சம் இருந்தது. கைகளில் ஒழுங்கு இருந்தது. இறுதியில் அவர் சேதமுற்ற விமானத்தைத் தரையிறக்கிக் காயமின்றி வெளியே வந்தார்.

திட்டமிடலின் ஆழ்ந்த பயனை இந்நிகழ்வு காட்டுகிறது. எல்லா இடர்களையும் முன்கூட்டியே பட்டியலிட எவராலும் இயலாது. ஆனால் எதிர்பார்க்கத்தக்கவற்றுக்கு விடைகளை வகுத்துப் பழகியவரின் மனம், எதிர்பாராத ஒன்றைச் சந்திக்கும்போது அதற்கெனக் காலியாக இருக்கும். வேகம் எவ்வளவு, சுற்றுப்பாதை எது, யாரிடம் எவ்வாறு பேசுவது என்பவை பழக்கமாகிவிட்டதால், புதிய சிக்கலை ஆராய மனத்தில் இடம் கிடைக்கிறது. திட்டம் தருவது விடை மட்டுமன்று. சிந்திக்கும் ஓய்வையும் தருகிறது.

அச்சமும் துணிவும்

தவறக்கூடியவற்றை எண்ணிக்கொண்டே இருந்தால் அச்சம் பெருகாதா என்று சிலர் வினவக்கூடும். வானில் நேர்வது இதற்கு மாறானது. பெயரிடப்படாத அச்சம் மனத்தைக் கட்டிப்போடும். ‘இயந்திரம் நின்றால் அந்த வயலில் இறங்குவேன்’ என்று பெயரும் விடையும் பெற்ற அச்சம், செய்துமுடிக்க வேண்டிய ஒரு வேலையாகச் சுருங்கிவிடும். ஆகவே முன்னேற்பாட்டைக் கோழைத்தனம் எனக் கருதுவது பிழை. துணிவு விளையும் நிலம் அதுவே.

முதல் தனிப்பறப்பை முடித்து இறங்கும் மாணவரைத் தோழர்கள் நீரால் நனைத்துக் கொண்டாடுவது பல நாடுகளில் வழக்கம். அந்த மகிழ்ச்சிக்குள் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. அம்மாணவர் வகுத்துச் சென்ற திட்டங்களுள் பெரும்பாலானவை அன்று பயன்படவே இல்லை. இயந்திரம் நிற்கவில்லை, வானொலி பழுதாகவில்லை, பார்த்துவைத்த வயலில் இறங்க நேரவில்லை. ஆயினும் அவை வீணாகவில்லை. வெறுமையான வலப்பக்க இருக்கையில், பயிற்றுநருக்கு மாற்றாக அமர்ந்து உடன்வந்தவை அத்திட்டங்களே. தேர்வு, பயணம், தொழில் என வாழ்வில் எவரும் ஒருநாள் தனித்துப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. அந்நாளில் உடன்வரும் துணையை, அதற்கு முந்தைய நாள்களிலேயே அவரவர் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.